வினவும் கலை

வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஒலிபரப்பாகும் பேட்டிகள் பலவற்றில், வினவுபவரே பாதி நேரத்தை எடுத்துக்கொள்வதை அன்பர்கள் கவனித்திருப்பார்கள். “தாங்கள் இளமையில் மிகவும் துன்புற்றீர்கள் அல்லவா?” என்று அவர் கேட்பார், வந்தவர் “ஆம்” என்று கூறி அமைந்துவிடுவார். விடையையும் வினாவுக்குள்ளேயே வைத்துக் கொடுத்துவிட்டால், வந்தவர் சொல்வதற்கு என்ன இருக்கிறது? “இளமையில் தங்கள் வீடு எப்படி இருந்தது?” என்று கேட்டிருந்தால் ஒரு கதையே பிறந்திருக்கும்.

இக்கலையில் பெரும்பெயர் பெற்றவர்களுள் ஒருவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் பிரீமன். 1965 முதல் 1968 வரை புது டில்லியில் பிரிட்டிஷ் ஹைகமிஷனராகப் பணியாற்றியவரும் இவரே. அதற்கு முன்பு, 1959 முதல் 1962 வரை பி.பி.சி. தொலைக்காட்சியில் ‘பேஸ் டு பேஸ்’ என்னும் தொடரை நடத்தினார். தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல், மார்ட்டின் லூதர் கிங் முதலியோர் அதில் அவர் முன் அமர்ந்தனர். காமிரா விருந்தினரின் முகத்தையே நோக்கி நிற்கும். பிரீமனின் முகமோ பெரும்பாலும் தென்படாது. வினவுபவர் மறைந்து நிற்க, விடை சொல்பவர் விளங்கித் தோன்றுவார்.

1959-இல் மனோதத்துவ அறிஞர் கார்ல் யுங்கை அவருடைய ஸ்விட்ஸர்லாந்து இல்லத்தில் பிரீமன் சந்தித்தார். யுங் அப்போது எண்பது வயதைக் கடந்தவர். இளமையில் கடவுள் நம்பிக்கை இருந்ததா என்று முதலில் கேட்டார். இருந்தது என்றார் யுங். உடனே, “இப்பொழுது?” என்னும் பொருள்பட அடுத்த வினா எழுந்தது. முதியவர் சற்றுத் தயங்கினார். விடை சொல்வது கடினம் என்றார். பின்னர், தமக்கு நம்ப வேண்டிய தேவை இல்லை, தாம் அறிந்திருப்பதாகக் கூறினார். உலகெங்கும் பேசப்பட்ட விடை அது. அதை வெளிக்கொணர்ந்தது நீண்ட பிரசங்கம் அன்று. முன் விடையைச் செவிமடுத்து, அதிலிருந்தே எடுத்த ஒரு சிறு சொல்.

எனினும் இக்கலைக்கு மற்றொரு முகமும் உண்டு. கில்பர்ட் ஹார்டிங் என்பவர் கடுஞ்சொல்லுக்குப் பிரசித்தி பெற்ற தொலைக்காட்சிப் பிரமுகர். 1960-இல் அவரைப் பேட்டி கண்டபோது, மரணத்தை அருகிருந்து கண்டதுண்டா என்று பிரீமன் வினவினார். ஹார்டிங்கின் குரல் தழுதழுத்தது, கண்கள் கலங்கின. அவர் கண்டது தம் அன்னையின் மரணம். இலட்சக்கணக்கானோர் பார்த்திருக்க, ஒரு மனிதரின் ஆறாத புண் திறந்துகொண்டது. அவ்வாண்டு நவம்பரில் ஹார்டிங்கும் காலமானார். அவ்விரண்டையும் காரண காரியமாக முடிச்சிடுவது முறையன்று. ஆயினும் ஒன்று தெளிவாகிறது: உண்மையை வெளிக்கொணரும் வினாவே உள்ளத்தைக் கிழிக்கவும் வல்லது. கேட்கத் தெரிவது பாதிக் கலை. எங்கே நிறுத்துவது என்று தெரிவதே மறுபாதி.

இக்கலை ஒலிபரப்பு நிலையத்தாருக்கு மட்டும் உரியதன்று. நம் இல்லங்களில், பெட்டி படுக்கையோடு இந்நகரங்களில் வந்திறங்கிய தாத்தாக்களும் பாட்டிகளும் இருக்கிறார்கள். அவர்கள் குரலைப் பதிந்து வைக்க இன்று ஒரு கைப்பேசியே போதும். “அந்தக் காலம் எப்படி?” என்று பொதுப்படக் கேட்டால், “என்னத்தைச் சொல்வது” என்றுதான் விடை வரும். “முதல் இரவு எங்கே படுத்தீர்கள்? முதல் சம்பளத்தில் ஊருக்கு எவ்வளவு மணியார்டர் அனுப்பினீர்கள்? மொழி தெரியாமல் காய்கறி எப்படி வாங்கினீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள்.

கேட்டபின் பொறுத்திருங்கள். அவர்கள் மௌனமானால் அவசரப்பட்டு இடையில் புகவேண்டாம். அடுத்த சொல் அம்மௌனத்திலிருந்தே பிறக்கும். குரல் கம்மினால், பதிவை நிறுத்திவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள். அன்று சொல்லாததை மற்றொரு நாள் அவர்களே அழைத்துச் சொல்லக்கூடும். சொல்லாமலே இருந்துவிட்டாலும் அது அவர்கள் உரிமை.