மலைபடுகடாத்தில் விலகல் உத்தி: ஒலிப்பகுதியை முன்வைத்து

முன்னுரை

எடுத்த பொருளை விட்டு இடையே வேறொன்றுக்குச் சென்று மீளும் முறையை இலத்தீன் அணியியலார் ‘டைக்ரெஸ்ஸியோ’ என வழங்கினர். அவ்விலகல் மூலப்பொருளோடு பொருந்தி வரவேண்டும் என்பது கி.பி. 1ஆம் நூற்றாண்டினரான குவிண்டிலியனின் கருத்து. லாரன்ஸ் ஸ்டெர்னின் ‘டிரிஸ்ட்ராம் ஷேண்டி’ (1759–1767) புதினமோ விலகலையே நூலின் இயக்கமாக்கியது. அதில் தன் வரலாற்றைச் சொல்லத் தொடங்கும் கதைசொல்லி மூன்றாம் தொகுதியில்தான் பிறக்கிறான். விலகுவதும் முன்செல்வதும் தன் நூலில் ஒருசேர நிகழ்வதாக அவனே கூறுகிறான். இக்கருத்தின் துணையோடு மலைபடுகடாத்தின் ஒலிப்பகுதியை இக்கட்டுரை விளக்குகிறது.

நூலும் வழியும்

பத்துப்பாட்டின் இறுதி நூலான மலைபடுகடாம் 583 அடிகளைக் கொண்டது. கூத்தராற்றுப்படை எனவும் வழங்கும். பாடியவர் பெருங்கௌசிகனார். பாட்டுடைத் தலைவன் பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாவை ஆண்ட நன்னன் சேய் நன்னன். திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலுக்கு மேற்கே அமைந்த இன்றைய செங்கமே அவ்வூர்.

ஆற்றுப்படை வழிகாட்டும் இலக்கியம். பன்றிக்கு வைத்த பொறிகள் உள்ளமையால் விடிந்தபின் செல்லுதல், யானையை விரட்ட எறியும் கவண்கல்லுக்கு மரத்தின் பின் ஒதுங்குதல் எனச் செய்யத்தக்கவற்றை இந்நூல் ஏவல் தொனியில் அடுக்குகிறது.

ஒலிப்பகுதி

நூலின் நடுவில் இந்த ஏவல் நின்றுவிடுகிறது. ஏறத்தாழ ஐம்பது அடிகளில் மலையில் எழும் ஒலிகளே தொகுக்கப்படுகின்றன. அருவியாடும் அரமகளிர் எழுப்பும் ஒலி, புலி பாய்ந்த கணவரின் புண் ஆறக் கொடிச்சியர் பாடும் பாட்டு, குட்டியை இழந்த மந்தியின் பூசல், தினை குற்றும் மகளிரின் வள்ளைப்பாட்டு, கரும்பாலையின் ஓசை ஆகியன அவற்றுட் சில. இவற்றுள் எதுவும் வழியைக் காட்டவில்லை. கூத்தர் செய்யவேண்டிய செயலும் இவற்றில் இல்லை.

வருணனையா, விலகலா?

இப்பகுதியைக் குறிஞ்சி நில வருணனை எனக் கொள்வது இயல்பு. எனினும், பிற வருணனைகள் வழிக்குறிப்போடு பிணைந்து வர, இது பயணத்தையே நிறுத்திவைக்கிறது. எனவே இதனை விலகல் எனல் பொருந்தும்.

அதன் பயன் கேட்போரை நோக்கும்போது புலனாகிறது. முழவு, ஆகுளி, பாண்டில், கொம்பு முதலிய கருவிகளைச் சுமந்து செல்லும் கூத்தரையே நூல் தொடக்கத்தில் காட்டுகிறது. அவர்கள் செவியால் வாழ்பவர்கள். ஒலிகளைத் தொகுத்தபின் புலவர் நன்னனின் மலையை முழவு ஓயாத விழாக்களத்துக்கு ஒப்பிடுகிறார். அதனைத் தொடர்ந்து கூத்தரைக் குறிஞ்சிப் பண் பாடி, தொழுது கடக்குமாறு கூறுகிறார். மலையின் ஒலியைக் கேட்டவர் தம் இசையால் அதற்கு விடையிறுக்கின்றனர். நின்றிருந்த பயணம் அப்பாட்டிலிருந்தே மீண்டும் தொடங்குகிறது.

முடிவுரை

மலையை யானையாகவும் அதன் ஒலியை மதமாகவும் உருவகித்த தொடர் இப்பகுதியில்தான் வருகிறது. நூற்பெயரின் காரணமாக நச்சினார்க்கினியர் காட்டுவதும் அதுவே. ஆற்றுப்படுத்தும் செயலைக் குறிக்கும் கூத்தராற்றுப்படை என்னும் பெயர் இருந்தும், விலகலில் பிறந்த பெயரே நிலைத்தது. ஸ்டெர்னின் விலகல் கதை முடிவைத் தள்ளிப்போட்டு, சொல்லும் மனத்தைக் காட்டுகிறது. பெருங்கௌசிகனாரின் விலகல், கேட்கும் கலைஞரைப் பாடத் தூண்டுகிறது. ஆகவே இப்பகுதியை நிலச்செய்தியாக மட்டும் வகைப்படுத்தாமல், நூலின் கட்டமைப்பில் அதற்குள்ள இடத்தையும் கருதுதல் தகும்.