வயிற்றுவலிக்கு ஓர் எண்

"வயிறு வலிக்கிறது" என்று ஒருவர் மருத்துவரிடம் கூறும்பொழுது, அவர் ஒரு நோயின் பெயரைக் கூறவில்லை; தாம் உணர்வதைக் கூறுகின்றார். மருத்துவர் வயிற்றின்மேல் கைவைத்து மெல்ல அழுத்துகின்றார். ஓரிடத்தில் நோயாளி முகஞ் சுளிக்கின்றார். இது மருத்துவரின் கை கண்டறிந்தது. முன்னதை வலி என்போம். பின்னதைத் தொடுநோவு என்போம். இரண்டுக்கும் காரணமான நோய் எது என்பதோ இன்னும் தெரியவில்லை. உணர்ந்தது, கண்டது, தெரியாதது ஆகிய இம்மூன்றையும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் ஏட்டில் பதிவது எங்ஙனம்?

இதற்குத் துணைசெய்வது நோய்களுக்கு எண்ணிடும் முறையாகும். பாரிஸ் நகரப் புள்ளியியல் துறைத் தலைவராயிருந்த ழாக் பெர்த்தியோன் 1893-இல் அளித்த இறப்புக் காரணப் பட்டியலே இதற்கு அடிப்படை. 1948-இல் உலக சுகாதார நிறுவனம் ஆறாம் திருத்தத்தை ஏற்றபொழுது, இறப்புக்கும் நோய்க்கும் ஒரே பட்டியல் அமைந்தது. பதினோராம் திருத்தம் 2022-இல் நடைமுறைக்கு வந்துவிட்டது. எனினும் பத்தாம் திருத்தத்தைக் கையாளும் நாடுகள் இன்னும் பல. அதனையே இங்குக் காண்போம்.

அதில் 'ஆர்' என்னும் எழுத்து, அறிகுறிகளுக்கு உரிய பகுதியைக் காட்டும். 'ஆர் 10' என்பது வயிற்றுவலி. அமெரிக்க ஐக்கிய நாடு 2015 அக்டோபர் முதல் வழங்கிவரும் விரிவுப் பட்டியல் இதனை மேலும் நுணுக்கமாகப் பகுக்கின்றது. கொப்பூழின் வழியே நெடுக்கிலும் குறுக்கிலும் இரு கோடுகள் இட்டதாகக் கொண்டால், வயிறு நான்கு கூறுகளாகும். வலக் கீழ்க்கூற்றில் வலி எனின் எண் 10.31, அதே இடத்தில் தொடுநோவு எனின் 10.813. அழுத்திய கையைச் சட்டென்று எடுக்கும்பொழுது வலி மிகுமாயின், அது மீள்நோவு, எண் 10.823. வயிற்றின் உட்சவ்வு உறுத்தப்படுவதை இம்மீள்நோவு உணர்த்தக்கூடும். ஆகவே தனி எண் தந்தது வீண் நுணுக்கமன்று.

ஓர் இளைஞனுக்குக் கொப்பூழைச் சுற்றித் தோன்றிய வலி, சில மணி நேரத்தில் வலக் கீழ்ப்புறம் இறங்குகின்றது என்று கொள்வோம். நியூயார்க் அறுவை மருத்துவர் சார்லஸ் மக்பர்னி 1889-இல் சுட்டிக்காட்டிய இடத்திலேயே நோவும் இருக்கின்றது. குடல்வால் அழற்சி என்ற ஐயம் எழுவது இயல்பே. ஆயினும் புறநோயாளியாக வந்த அவனுக்கு அந்நோயின் எண்ணை இடலாகாது என்பது அமெரிக்க விதி. வலிக்கும் நோவுக்கும் உரிய எண்களையே இடவேண்டும். நோய் உறுதியானால் 'கே 35' இடம்பெறும்; வலி அந்நோயின் கூறேயாதலால், அதன் எண் நீங்கும்.

ஐயத்தையே முடிவாக எழுதிவிட்டால் வரும் கேடு சிறிதன்று. அவன் ஒருநாளும் கொண்டிராத நோய் அவன் ஏட்டில் நிலைத்துவிடும். அடுத்து அவனைக் காணும் மருத்துவர் அதனை நம்புவார். நாட்டின் நோய்க் கணக்கிலும் இல்லாத நோய் ஒன்று கூடும்.

ஆனால் அதே நாட்டில், மருத்துவமனையில் தங்கி வீடு திரும்புவோருக்கு விதி வேறு. 'இருக்கலாம்' என்று மருத்துவர் இறுதியில் எழுதிய நோயையும் உள்ள நோயாகவே எண்ணிடலாம். செய்த சோதனைகளும் மருத்துவமும் அந்நோய்க்கு உரியனவே என்பது அதற்குக் கூறப்படும் காரணம். செலவுக் கணக்குக்கு அது பொருந்தலாம். நோய்க் கணக்குக்குப் பொருந்துமென்று எனக்குத் தோன்றவில்லை.