பேத்திக்கு வாங்கிய மூன்று புத்தகங்கள்

கரக்பூர், பிலாஸ்பூர், நாக்பூர் என்று ரயில்வே மாற்றலிலேயே என் பிள்ளைகள் வளர்ந்தார்கள். வீட்டில் தமிழ் பேசினோம், எழுத்தைச் சொல்லித்தரவில்லை. ஊரிலிருந்து அவர்கள் பாட்டி போட்ட கடிதங்களை நான்தான் படித்துக் காட்டுவேன். பேத்திக்கும் அந்தக் குறை வரக்கூடாதென்று, அவளுடைய 13 வயதுக்கேற்ற தமிழ்ப் புத்தகங்களைத் தேடினேன். மூன்று கைகொடுத்தன.

முதலாவது, உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’. 2023-ல் பால சாகித்ய புரஸ்கார் பெற்ற நாவல். வைகைக் கரைக் கீழடியைச் சுற்றிய கதை. அங்கே கிடைத்த பானையோட்டில் ‘ஆதன்’ என்ற பெயர் பொறித்திருப்பதைச் சொன்னதும், தானாகவே நாலு பக்கம் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டாள்.

இரண்டாவது, 2020-ல் அதே விருது பெற்ற யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’. குழந்தைகளிடம் தகாத முறையில் நடப்பவர்களைப் பற்றி நாம் பேசக் கூசுவதைக் கதையாகச் சொல்கிறது. பெற்றோர் முதலில் படித்துவிட்டுக் கொடுக்கலாம்.

மூன்றாவது, இரா. நடராசனின் ‘ஆயிஷா’. புதிதல்ல, ஆனால் மிகச் சிறியது. கேள்வி கேட்டதற்காக அடிவாங்கும் மாணவியின் கதை. முடித்ததும் பேத்தி, “தாத்தா, நீங்க யாரையாவது அடிச்சிருக்கீங்களா?” என்றாள். கணக்கு வரவில்லையென்று அவள் அப்பாவை அடித்திருக்கிறேன். ஒப்புக்கொண்டேன்.

தினம் ஒரு பக்கம் நீங்கள், ஒரு பக்கம் பிள்ளை என்று உரக்கப் படியுங்கள். தப்பாகப் படித்தால் சிரிக்காதீர்கள். அடுத்த முறை சென்னைக்குப் போகும்போது, பலகாரப் பொட்டலத்தோடு இவற்றையும் வாங்கி வாருங்கள்.