பூஞ்சை உருமாறும்போது வாய்க்கு எப்படித் தெரிகிறது?

கைக்குழந்தையின் நாக்கில் வெள்ளைத் திட்டு தெரிந்தால், பால் படிந்திருக்கிறது என்றுதான் முதலில் நினைப்போம். எளிதில் துடைக்க வராமல், துடைத்த இடமும் சிவந்துபோனால், அது பெரும்பாலும் கேண்டிடா அல்பிகன்ஸ் என்னும் பூஞ்சை. ஸ்டீராய்டு இன்ஹேலர் பயன்படுத்துவோர், இரவிலும் பல்செட்டைக் கழற்றாதவர்கள், எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்கள் ஆகியோரையும் இது பிடிக்கும்.

ஆனால் நலமாக இருப்பவர்களிலும் ஏறக்குறையப் பாதிப்பேரின் வாயில் இதே பூஞ்சை குடியிருக்கிறது, எந்தத் தொல்லையும் தராமல். அப்படியானால் அது எப்போது குடியிருக்கிறது, எப்போது தாக்குகிறது என்று வாய் எப்படிப் பிரித்தறிகிறது? அந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்பவை கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கையும் மூடியிருக்கும் எபிதீலியச் செல்கள். அவற்றை வெறும் மேல்தோலாகவே வெகுகாலம் எண்ணிவந்தோம்.

சாதுவாக இருக்கும்போது இந்தப் பூஞ்சை உருண்டையாக, ஈஸ்ட் வடிவில் இருக்கும். தாக்கத் தொடங்கும்போது நீண்ட இழைகளாக மாறும். எபிதீலியச் செல்களின் மேலுள்ள 'எப்ஏ2' என்ற ஏற்பி, பூஞ்சையின் சுவரிலிருக்கும் பீட்டா குளுக்கன் என்ற சர்க்கரைப் பொருளை உணர்கிறது என்று 2018இல் தெரியவந்தது. எனினும், பூஞ்சை இருக்கிறது என்பதற்காக மட்டும் செல்கள் பதறுவதில்லை. இழைகள் பெருகிய பிறகே செல்லுக்குள் முழு எச்சரிக்கை எழுகிறது.

எச்சரிக்கையைத் தூண்டுவது எது? லண்டன் கிங்ஸ் கல்லூரியின் ஜூலியன் நாக்லிக் குழுவினர் 2016இல் விடை சொன்னார்கள். இழைகள் கேண்டிடாலைசின் என்ற நச்சைச் சுரக்கின்றன. வெறும் 31 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதம் அது. செல்லின் சவ்வைத் துளைக்கிறது. கால்சியம் உள்ளே பாய்கிறது. இந்த நச்சை உருவாக்க முடியாத பூஞ்சையையும் அவர்கள் சோதித்தார்கள். அது இழைவிட்டது, ஆனால் செல்களைச் சிதைக்கவில்லை. செல்களும் பெரிதாக எதிர்வினை காட்டவில்லை. எந்த ஆயுதத்தால் பூஞ்சை தாக்குகிறதோ, அதைக்கொண்டே வாய் அதை அடையாளம் காண்கிறது! தொற்றுநோய் ஆய்வில் இவ்வளவு தெளிவான விடை கிடைப்பது அரிது.

எச்சரிக்கை எழுந்ததும் செல்கள் சைட்டோகைன்கள் என்ற செய்தி மூலக்கூறுகளை வெளிவிட்டு, நியூட்ரோஃபில் வெள்ளணுக்களை வரவழைக்கின்றன. ஐஎல்-17 என்ற செய்தி மூலக்கூறும் இதில் இன்றியமையாதது. பிறவியிலேயே இதன் பாதையில் குறையுள்ளவர்களுக்குப் பூஞ்சைத் தொற்று ஓயாமல் திரும்பிவருவதைப் பாரிஸ் ஆய்வாளர்கள் 2011இல் காட்டினார்கள். சொரியாசிஸுக்காக ஐஎல்-17ஐத் தடுக்கும் மருந்து எடுப்பவர்களில் சிலருக்கும் வாய்ப்பூஞ்சை வருவதுண்டு.

இதே நச்சு பெண்ணுறுப்பிலும் நியூட்ரோஃபில்களைக் கூட்டுகிறது. ஆனால் அங்கே அவை பூஞ்சையைச் சரியாக அழிப்பதில்லை, அழற்சியை வளர்க்கின்றன. பெண்கள் பலர் படும் எரிச்சலிலும் அரிப்பிலும் இந்த அழற்சிக்குப் பெரும் பங்குண்டு. பூஞ்சையைக் கொல்லும் மருந்தோடு, நச்சையே முடக்கும் மருந்தையும் தேட இதுவே போதிய காரணம்.