முதல் மழையை நம்பும் விதைநெல்

வடமராட்சியில், உடுப்பிட்டியை அண்டிய மானாவாரி வயல்களில் புரட்டாதி மாதத்துப் புழுதியில் நெல்லை விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருப்பது காலங்காலமாக நடந்துவரும் வழக்கமாகும். முதல் மழைக்கு வயல் பச்சை காட்டியபின் இரண்டு கிழமை வெயில் எறித்தால் விதைத்த அனைத்தும் கருகிவிடுவதும், மீண்டும் விதைநெல் தேடி அலைய நேர்வதும் எமது விவசாயிகள் நன்கறிந்த துயரங்களே. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் மானாவாரி நிலங்களிற் பயிரிடும் தமிழ், முஸ்லிம் விவசாயிகளுக்கும் இது புதிதல்ல.

காய்ந்த மண்ணில் வாரக்கணக்கில் உயிரோடு கிடந்த விதை, முளைத்தபின் சில நாள் வரட்சியைக்கூடத் தாங்காது மடிவது ஏன்? மழை பொய்த்தது என வானத்தைக் குறைகூறுவதோடு நாம் நின்றுவிடுகின்றோம். விடையின் மறுபாதி விதைக்குள் இருக்கும் ஓமோன்களில் உள்ளது.

நெல்மணி கதிரில் முற்றும்போதே அப்சிசிக்கமிலம் என்னும் ஓமோன் அதில் சேர்கின்றது. உலர்ந்த பின்னும் உயிர்பிழைக்கும் ஆற்றலை விதைக்கு வழங்குவதும், உடனே முளைக்கவிடாது உறங்கவைப்பதும் இதுவே. புதிதாக அறுத்த நெல் பல வேளைகளில் சீராக முளைக்காதிருப்பதற்கும் இவ்வுறக்கமே காரணம். சேமித்து வைக்கும் காலத்தில் அது மெல்லக் கலைந்துவிடும்.

மழைநீர் உட்புகுந்ததும் இவ்வமிலத்தின் அளவு குறைந்து, ஜிபரெலின் என்னும் ஓமோன் மேலோங்குகின்றது. நாம் தவிடென்று தீட்டி அகற்றும் மெல்லிய படையை அது சென்றடைந்து, அமைலேசு என்னும் நொதியத்தைச் சுரக்கச் செய்கின்றது. அந்நொதியம் அரிசியிலுள்ள மாப்பொருளைச் சீனியாக்கி முளையத்துக்கு ஊட்டுகின்றது. முளைகட்டிய தானியம் இனிப்பதும் இதனாலேயே. இந்த ஓமோன் நெற்பயிரின் நோயொன்றிலிருந்தே அறியப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. நாற்றுகளை அளவுமீறி நெட்டையாக வளரச்செய்வது ஒரு பூஞ்சணத்தின் சுரப்பே என்பதை யப்பானிய அறிஞர் குரோசாவா 1926ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். 1935இல் யபுதா என்பவர் அதற்கு இப்பெயரைச் சூட்டினார்.

முளைவேர் உமியைப் பிளந்து வெளிவருமுன் விதை மீண்டும் உலர்ந்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். வேர் வெளிவந்து நீண்டுவிட்டாலோ, வரட்சியைத் தாங்கும் அந்தப் பழைய ஆற்றல் அகன்றுவிடுகின்றது. நாற்று வாடும்போது அப்சிசிக்கமிலம் மீண்டும் பெருகி, இலைவாய்களை மூடி நீரிழப்பைக் குறைக்க முயல்வது உண்மையே. எனினும் நாற்றை மீண்டும் விதையாக்க அதனால் இயலாது. வேர் ஆழத்து ஈரத்தை எட்டுமுன் மேல்மண் காய்ந்துவிட்டால் பயிருக்குக் கதியில்லை.

விதையைக் கடினப்படுத்தும் முறை இந்த எல்லையைக் கடக்காமலே பயன் தேடுகின்றது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மானாவாரி நெல்லுக்கு, 1 வீதப் பொற்றாசியம் குளோரைட்டுக் கரைசலில் 16 மணி நேரம் விதையை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி விதைக்குமாறு பரிந்துரைக்கின்றது. விதைக்குள் முளைப்புக்கான ஆயத்தங்கள் தொடங்கியிருக்கும், வேர் வெளிவந்திராது. மழை கிடைத்ததும் அத்தகைய விதை விரைந்தும் ஒருசேரவும் முளைத்து வேரை இறக்குகின்றது. ஊறும் நேரத்தை மீறவிட்டு, முளை எட்டிப்பார்த்த நெல்லைக் காயவைப்பவர் விதையைத் தம் கையாலேயே சாகடித்தவராவார்.