வரம் கிடைத்தவர்களின் பாரம்

கொலம்பிய மலைகளுக்கு நடுவே ஒரு மாய வீடு. மத்ரிகல் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஐந்து வயதாகும்போது அந்த வீடு ஆளுக்கொரு கதவைத் திறந்து ஒரு வரமும் தருகிறது. ஹூலியெட்டா சுட்ட சோள ரொட்டியைத் தின்றால் காயம் ஆறும். அவள் சகோதரி பெப்பாவுக்கு மனம் கலங்கினால் மழை கொட்டும். ஹூலியெட்டாவின் கடைசி மகள், 15 வயது மிராபெலுக்கு மட்டும் எதுவும் வாய்க்கவில்லை. 2021இல் டிஸ்னி வெளியிட்டு, மறு ஆண்டு சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் விருது பெற்ற ‘என்கான்டோ’வின் கதை இது. வரம் கிடைக்காத பிள்ளைக்கு ஆறுதல் சொல்லும் படமாக இதைப் பார்ப்பது எளிது. வரம் கிடைத்தவர்கள் படும் பாட்டைக் காட்டுவதில்தான் இதன் பலம் இருக்கிறது என்பேன்.

மிராபெலின் அக்கா லூயிசாவைப் பாருங்கள். ஊராரின் கழுதைகளைத் தோளில் சுமக்கிறாள், தேவாலயத்தையே நகர்த்தி வைக்கிறாள். பலம் போய்விட்டால் தனக்கு என்ன மதிப்பு என்ற பயம் அவளை உள்ளுக்குள் அரிக்கிறது. பூக்களை வரவழைக்கும் மூத்தவள் இசபெலா, பிடிக்காத வரனுக்கும் குடும்பத்துக்காகச் சம்மதிக்கிறாள். கோபத்தில் அவளையறியாமல் ஒரு கள்ளிச்செடி முளைத்த பிறகுதான் அவள் மனம்விட்டுச் சிரிக்கிறாள். எதிர்காலம் அறிந்த மாமா புரூனோவோ, கெட்டதையே சொல்பவன் என்று பேரெடுத்து, பத்து வருடமாகச் சுவருக்குப் பின்னால் ஒளிந்து வாழ்கிறான். சாப்பாட்டு அறைக்கு மறுபக்கம் ஒரு மேசை போட்டு, அதில் தனக்கொரு தட்டை வரைந்துவைத்து, விரிசல் வழியே குடும்பத்தைப் பார்த்தபடி சாப்பிடுகிறான்.

இந்தக் கெடுபிடிக்கு வேர் பாட்டி அல்மாவின் அச்சம். ஆயுதம் ஏந்தியவர்கள் துரத்த, மூன்று கைக்குழந்தைகளோடு ஊரைவிட்டு ஓடும் வழியில் கணவன் பெத்ரோவைப் பறிகொடுத்தவள் அவள். கையிலிருந்த மெழுகுவர்த்திக்கு மாயசக்தி வந்ததும் அப்போதுதான். அது எந்தச் சண்டை என்று படம் சொல்வதில்லை. 1899 முதல் 1902 வரை ஆயிரம் நாள் போரைக் கண்டு, பின்னரும் உள்நாட்டு வன்முறையில் லட்சக்கணக்கானோர் ஊரிழந்த நாட்டின் கதைக்கு அந்த விளக்கம் தேவையுமில்லை. கிடைத்ததைக் கைநழுவ விடக்கூடாது என்று தவிப்பவள், பேரப்பிள்ளைகளின் திறமையையே அவர்களின் மதிப்பாக எண்ணிவிடுகிறாள்.

முடிவில் வரங்கள் திரும்பி வருகின்றனவே, அப்படியானால் படம் தன் வாதத்தைத் தானே கைவிடுகிறதா என்று கேட்கலாம். நிகழ்வுகளின் வரிசையைக் கவனித்தால் பதில் கிடைக்கும். வீடு இடிந்து, மாயம் அணைந்து, குடும்பமும் ஊராரும் வெறும் கைகளால் சுவர் எழுப்பிய பின்னரே மாயம் திரும்புகிறது. அதற்குள் அது இல்லாமலும் சேர்ந்து வாழ முடியும் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். பாட்டியை இவ்வளவு சுலபமாக மன்னிக்கலாமா என்ற கேள்வியில் நியாயம் உண்டு. புரூனோ இழந்த வருடங்களுக்கு ஓர் அணைப்பு ஈடாகாது. ஆனாலும், வயதில் மூத்தவள் பேத்தியின் முன் தன் தவறை ஒப்புக்கொள்வதைக் குழந்தைகள் பார்ப்பது பெரிய விஷயம். மதிப்பெண்ணாலும் பரிசுக் கோப்பையாலும் பிள்ளைகளை எடைபோடும் எந்த வீட்டிலும் பெரியவர்கள் இதைக் குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும்.