கயிற்றின் மேல் வைத்த கல்

திருவள்ளூர் மாவட்டத்தின் கோடியில், கும்மிடிப்பூண்டியில் ஈழத்து அகதிகளின் முகாம் பல்லாண்டுகளாக இருந்துவருகிறது. அங்கு வந்து சேர்ந்தவர்கள் விட்டுவந்த வீடுவாசல்களைப் பற்றிப் பேசிய நாம், அவர்கள் விடமுடியாமல் நெஞ்சில் சுமந்துவந்த பீதியைப் பற்றிப் போதிய அளவு பேசவில்லை என்பது என் திடமான அபிப்பிராயம். அந்தப் பீதியை சாஸ்திர முறையில் ஆராய்ந்து, தமிழ் மக்களின் இயல்புக்கு ஏற்ற சிகிச்சையை வகுப்பதில் நெடுங்காலம் உழைத்தவர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மனநல மருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம்.

யுத்தத்தின் நடுவிலிருந்தே அவர் வைத்தியம் பார்த்தார். அவரும் சேர்ந்து எழுதிய 'முறிந்த பனை' என்ற நூல் 1990இல் வெளிவருமுன்பே, அதன் ஆசிரியர்களுள் ஒருவரான மருத்துவர் ரஜினி திரணகம 1989 செப்டம்பர் 21 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். யுத்தம் மனத்தில் விளைத்த ஊறுகளைச் சோமசுந்தரம் தனி நூலாக விவரித்தது 1998இல். அவரிடம் வந்தவர்களில் பலர் 'பயமாயிருக்கிறது' என்று சொல்லிக்கொண்டு வரவில்லை. நெஞ்சு நோ, தலையிடி, பெருமூச்சு, நித்திரையின்மை என்று தேகத்தின் வியாதியாகவே சொன்னார்கள். மேல்நாட்டுத் தளர்வுப் பயிற்சிகளை அப்படியே புகுத்தாமல், இந்துவுக்குப் பிரணவ ஜபம், கத்தோலிக்கருக்கு ஜெபமாலை, இஸ்லாமியருக்குத் திக்ர் என, அவரவர் பால்யத்திலிருந்து பழகிய சாதனத்தையே அவர் சிகிச்சையாக்கினார். இதை நான் வெறும் அனுசரிப்பாகக் கருதவில்லை. நோயாளியின் சம்ஸ்காரத்தை மருந்தின் பாகமாகவே மதித்த உயர்ந்த விஞ்ஞான புத்தி இது.

பயங்கர சம்பவம் ஒன்று நேரும்போது சத்தமும் நாற்றமும் நெஞ்சுத் துடிப்பும் ஞாபகத்தில் ஆழப் பதிகின்றன. ஆனால் அது எப்போது, எங்கே, எதன் பின் நடந்தது என்ற கிரமம் சிதறிவிடுகிறது. அதனால்தான் ஒரு பட்டாசு வெடித்ததும், பழைய குண்டு இந்தக் கணத்தில் விழுவதாகவே உடல் நடுங்குகிறது. அஞ்சியதை விலக்கிக்கொண்டே போனால் அச்சம் தேய்வதில்லை. பத்திரமான சூழலில் அதை நேர்நின்று சந்தித்தால்தான் மாறுகிறது என்று எட்னா ஃபோவா, மைக்கேல் கோசாக் ஆகிய உளவியலாளர்கள் 1986இல் விளக்கினார்கள்.

இந்த நெறியை ஒட்டி, ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாகி ஷவர், ஃபிராங்க் நாய்னர், தாமஸ் எல்பர்ட் ஆகியோர் வகுத்த கதைசொல்லும் சிகிச்சை ஈழத்துக் குழந்தைகளிடமும் பிரயோகிக்கப்பட்டது. தரையில் ஒரு கயிற்றை விரித்து, பிறந்த நாள் முதல் இன்றுவரையிலான ஆயுளாக அதைக் கொண்டு, மகிழ்ந்த இடத்தில் பூவும் துயருற்ற இடத்தில் கல்லும் குழந்தை வைக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு கல்லின் அருகிலும் அவசரமின்றி நின்று, என்ன கண்டாய், என்ன கேட்டாய், இப்போது உடம்பில் என்ன செய்கிறது என்று ஆலோசகர் வினவி, சொன்னதை எழுதி, அடுத்த அமர்வில் வாசித்துக் காட்டித் திருத்துவார். கிரமம் மெல்ல மீளும்.

2004 டிசம்பர் சுனாமிக்குப் பின், வடகிழக்கு இலங்கையில், யுத்தமும் அலையும் ஒருசேர வாட்டிய 31 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒன்றுக்கு இக்கதை முறையும் மற்றொன்றுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும் ஆறாறு அமர்வுகள் அளித்தார்கள். நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள். ஆறு மாதம் கழித்து முன்னதில் 81 சதவீதமும் பின்னதில் 71 சதவீதமும் குணமடைந்திருந்தார்கள்; இவ்வளவு சிறு தொகையில் அந்த வித்தியாசத்தைப் பொருட்படுத்த இயலாது. சிகிச்சையே பெறாத மூன்றாம் பிரிவு ஒன்று இல்லாததால் தீர்ப்பு முடிவானதும் அன்று. ஆயினும் சோமசுந்தரம் கைக்கொண்ட ஜபமும் மூச்சும் போன்ற சாந்த முறைகள் புதிய சிகிச்சைக்கு ஏறக்குறைய சமமாக நின்றது எனக்குப் பெரும் ஆனந்தம் அளிக்கிறது.

அவரோ இத்துடன் திருப்தியடையவில்லை. சிதைந்தது தனிமனம் மாத்திரமன்று, ஊரும் உறவுமே என்று 2007இல் எழுதினார். ஆகவே பெயர்ந்த குடும்பங்கள் ஒன்றாகக் குடியேறுவதும், காணாமற்போனவர்களை எண்ணி ஏங்குவோர் தம் மரபுப்படி சடங்குகள் செய்து துக்கத்தை வெளியிட இடம் பெறுவதும் அவர் கருதும் வைத்தியத்தில் அடங்கும்.